துண்டு போட்ட சீட்டும் நம்பர் போட்ட சீட்டும்

கேட்டில் எனக்கு முன்னால் ஆறே பேர். முக்கால் மணி நேரம் கால் கடுக்க நின்று பிடித்த இடம் அது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இன்னும் விமானமே வரல, எதுக்குங்க இப்பவே போய் நிக்கிறீங்க?" என்று கேட்டாள். "இதுல சீட் நம்பர் கிடையாது. முந்துறவங்களுக்குத்தான் ஜன்னல்" என்று பெரிய ரகசியத்தைச் சொல்வதுபோலச் சொன்னேன். கதவைத் திறந்தார்கள். போர்டிங் பாஸைக் காட்டிவிட்டு வேகவேகமாகப் படியிறங்கினால் கீழே விமானம் இல்லை. பஸ் நின்றுகொண்டிருந்தது.

முதலில் ஏறிய நாங்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போனோம். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஹெட்ஃபோன் மாட்டிய பையன் ஒருவன் ஆடி அசைந்து வந்து, கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விமானத்தருகே கதவு திறந்ததும் முதலில் இறங்கியவன் அவன்தான். நாங்கள் உள்ளே போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது வரிசை ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். எனக்கு 23-இல் ஒரு நடு சீட். மனைவிக்கு 26-இல் இன்னொரு நடு சீட். இரண்டு மணி நேரத்தில் அவள் சிரித்திருந்தாலும் என் கண்ணில் படவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அவள் எனக்குப் பின்னால் இருந்தாள், அதனால் எனக்குத் தெரியாது.

மலிவுக் கட்டண விமானங்களில் சீட் நம்பர் இல்லாமலும் பறந்திருக்கிறேன், நம்பர் போட்டும் பறந்திருக்கிறேன். எது நல்லது என்று கேட்டால் பதில் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்று புரிந்தது. சும்மா கிடைக்கிற சீட் என்று எதுவும் இல்லை. முதல் வகையில் காலும் நேரமும் கொடுத்து வாங்குகிறோம், இரண்டாவதில் காசு கொடுத்து. எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் எரிச்சல் பாதி குறையும்.

பஸ் விஷயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் அன்று கற்றது பிறகு பலமுறை கைகொடுத்தது. கேட்டில் நிற்கும் வரிசை, பஸ் வந்தால் தலைகீழாகிவிடும். முன்னால் நின்றவர் உள்ளே, பின்னால் நின்றவர் கதவோரம். ஆகவே கேட்டுக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பாருங்கள். விமானத்தோடு ஒட்டிய பாலம் இருந்தால் வரிசைக்கு மதிப்புண்டு. பஸ் நின்றால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கடைசியாகப் போகலாம். அப்புறம், பஸ்ஸில் வந்து இறங்கும்போது பெரும்பாலும் முன்படி, பின்படி இரண்டும் போட்டிருப்பார்கள். கூட்டம் யோசிக்காமல் முன்படிக்கே ஓடும். பின்படி ஏறினால் கடைசி ஏழெட்டு வரிசைகள் காலியாகக் கிடக்கும். அடுத்த பயணத்தில் அப்படித்தான் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனோம். கழிப்பறைப் பக்கம் என்பது உண்மைதான். ஆனால் சேர்ந்து போனோம்.

அந்த வெற்றி தலைக்கேறியது. அதற்கடுத்த முறை நான் ஜன்னல், மனைவி நடைபாதை ஓரம், நடுவில் என் பை. துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான், துண்டுக்குப் பதில் பை. நடு சீட்டை யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள், மூன்று சீட்டும் நமக்குத்தான் என்று கணக்கு. விமானம் முக்கால்வாசி நிரம்பும்வரை கணக்கு சரியாகத்தான் போனது. கடைசியில் ஆஜானுபாகுவான மனிதர் ஒருவர் வந்து, மிக மரியாதையாக, "இங்கே யாராவது வருகிறார்களா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. பையை எடுத்தேன். அவர் உட்கார்ந்த பிறகு அவருக்குக் குறுக்கே தண்ணீர் பாட்டில் போனது, போன் போனது, மூக்குக் கண்ணாடி போனது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தவர், "நீங்கள் இருவரும் ஒன்றாக வந்தவர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "அப்படியானால் நான் ஓரத்துக்குப் போகிறேன், நீங்கள் சேர்ந்து உட்காருங்கள்" என்றார். மறுக்க முடியுமா? மனைவி நடு சீட்டுக்கு வந்தாள். எங்கள் தந்திரத்தால் லாபம் அடைந்தவர் அவர் ஒருவர்தான். இதை இன்றும் செய்கிறவர்கள் உண்டு. பாதி காலியான விமானத்தில் பலிக்கும். நிரம்பிய விமானத்தில் வீணாக ஒரு அந்நியரை நடுவில் உட்காரவைத்த பாவம் மட்டும்தான் மிச்சம்.

இப்படி இடம் பிடிக்கவைக்கும் முறையை விமான நிறுவனங்கள் ஏன் வைத்திருந்தன? நேரம்தான். மலிவு விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். இதில் பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் என்ற மலிவு விமான நிறுவனம் 1971-இல் பறக்கத் தொடங்கியது. மறு வருடமே பணமுடை. இருந்த நாலு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. ஆனால் பயண அட்டவணையைக் குறைக்கவில்லை. மூன்றை வைத்து நாலின் வேலையை வாங்க, வந்து நின்ற விமானத்தைப் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். சீட் நம்பர் தேடி நிற்கிறவர்கள் இருந்தால் அதெல்லாம் நடக்குமா?

நடக்காது என்பதற்கு ஓரளவு கணக்கும் இருக்கிறது. ஜேசன் ஸ்டெஃபென் என்ற வானியற்பியலாளர் 2008-இல் விமானத்தில் ஆள் ஏற்றும் முறைகளைக் கணினியில் போட்டுப் பார்த்தார். பிறகு மாதிரி விமானம் ஒன்றில், 12 வரிசைகளுக்கு 72 பேரை நிஜமாகவே ஏற்றிப் பார்த்தார்கள். நாம் வழக்கமாகப் பார்க்கும் "பின்வரிசைக்காரர்கள் முதலில்" என்று தொகுதி தொகுதியாக ஏற்றும் முறைக்கு ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறியதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, ஜன்னல்காரர்கள் முதலில் என்ற அவருடைய முறைக்கு மூன்றரை நிமிடம் சொச்சம். காரணம் எளிது. நேரத்தைத் தின்பது நடப்பதல்ல, பையை மேலே தூக்கி வைப்பது. ஒரே பகுதியைச் சேர்ந்தவர்களை மொத்தமாக அனுப்பினால் எல்லோரும் ஒரே இடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். கலைந்து போனால் பத்து பேர் பத்து இடத்தில் ஒரே நேரத்தில் தூக்குவார்கள். ஒழுங்கில்லாதது ஒழுங்கை ஜெயிக்கும் என்பதை நம்ப எனக்குச் சில வருடம் ஆனது.

இவ்வளவு இருந்தும் அந்த முறை ஒவ்வொன்றாக மறைந்தது. பிரிட்டனின் ஈஸிஜெட் நிறுவனம் 2012-இல் நம்பர் போட்டது. அயர்லாந்தின் ரயன்ஏர் 2014 பிப்ரவரியில் மாறியது. சவுத்வெஸ்ட்தான் ஐம்பது வருடங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அங்கே சீட்டுக்கு நம்பர் இல்லாவிட்டாலும் ஏறுவதற்கு நம்பர் இருந்தது. ஏ, பி, சி என்று பிரிவும் அதற்குள் வரிசை எண்ணும் கொடுத்து, கம்பங்களுக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். நல்ல எண் வேண்டும் என்று பயணத்துக்குச் சரியாக 24 மணி நேரத்துக்கு முன் அலாரம் வைத்து செக்-இன் செய்கிறவர்கள் இருந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தால் முதலில் ஏற்றுவார்கள் என்பதால், ஏறும்போது நாற்காலியில் வந்து இறங்கும்போது நடந்து போகிறவர்களைப் பற்றி அங்கே கேலிக்கதைகளே உண்டு. 2024 ஜூலையில் மாறப்போவதாக அறிவித்து, 2026 ஜனவரி 27 முதல் அவர்களும் நம்பர் போட்ட சீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பயணிகள் கேட்டார்கள் என்பது ஒரு காரணம். அது பொய்யுமல்ல. ஆனால் நம்பர் போட்டால்தானே நம்பரை விற்க முடியும்? அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், 2018 முதல் 2023 வரை ஐந்து நிறுவனங்கள் சீட் கட்டணமாக மட்டும் வசூலித்தது 1,240 கோடி டாலர் என்று இருந்தது. துண்டு போட்டுப் பிடித்த சீட்டில் அந்தக் காசு வராது.

நம்பர் போட்ட காலத்துக்கு வந்தபோது நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். இனி ஓட வேண்டாம், நிற்க வேண்டாம். அந்த நிம்மதி அம்மாவோடு போன முதல் பயணம் வரைக்கும் இருந்தது.

என் டிக்கெட்டை முன்னரே எடுத்துவிட்டேன். அம்மா வருவதாகச் சொன்னது பத்து நாள் கழித்து. அவருக்குத் தனியாக எடுத்தேன். அதே விமானம்தானே, பக்கத்தில் போட மாட்டார்களா என்ன? போடவில்லை. எனக்கு 5பி, அம்மாவுக்கு 24இ. இரண்டும் நடு சீட். எழுபது வயதுக்காரருக்கும் அவர் மகனுக்கும் நடுவில் 18 வரிசை. வெவ்வேறு புக்கிங் எண் என்றால் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அந்நியர்கள். ஒரே குடும்பப் பெயர், ஒரே முகவரி, எதுவும் உதவாது. சேர்ந்து போகிறவர்கள் ஒரே புக்கிங்கில் எடுத்துவிடுங்கள். பிறகு சேர்வதாக இருந்தால் நிறுவனத்தை அழைத்து இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். இணைத்தாலும் பக்கத்து சீட் நிச்சயமில்லை. ஆனால் கேட்க ஒரு பிடி இருக்கும்.

அம்மாவோடு 24-ஆவது வரிசைக்குப் போனேன். நடைபாதை ஓரத்தில் முப்பது வயதிருக்கும் பெண் ஒருவர். என் 5பி-க்கு மாறிக்கொள்ள முடியுமா, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்றேன். அவர் என் போர்டிங் பாஸைப் பார்த்தார். "அது நடு சீட் ஆச்சே. நான் இதுக்குத் தனியா காசு கட்டியிருக்கேன், சாரி" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். விமானம் மேலே ஏறுவதற்குள் கோபம் இறங்கிவிட்டது. காசு கட்டாமல் வந்தவன் நான். கட்டி வாங்கியவரிடம் போய், மட்டமான சீட்டைக் கொடுத்து நல்ல சீட்டைக் கேட்டிருக்கிறேன். அதற்கு அம்மாவின் வயதைச் சாக்காக வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு சீட் மாற்றிக் கேட்பதற்கு எனக்கென்று சில வழக்கங்கள் வந்துவிட்டன. நாம் கொடுப்பது, கேட்பதைவிட நல்லதாகவோ குறைந்தது சமமாகவோ இருக்க வேண்டும். ஜன்னலுக்கு ஜன்னல், பின்னால் இருப்பதற்கு முன்னால் இருப்பது. அவர் பெல்ட் போட்டு, செருப்பைக் கழற்றி, தலையணையை ஊதிய பிறகு கேட்கக் கூடாது. வந்து நிற்கும்போதே கேட்க வேண்டும். முதலில் அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பிறகு கேட்பது மிரட்டல். தனியாக வந்திருக்கும் நடு சீட்காரரிடம் ஜன்னலைக் கொடுத்துப் பாருங்கள், "தேங்க்ஸ்" அவர்தான் சொல்வார். முடியாது என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது. இதைவிட எளிய வழி, கதவு மூடியபிறகு பணிப்பெண்ணிடம் கேட்பது. எந்த வரிசை காலி என்று அவருக்குத் தெரியும். நாமாக எழுந்து போய் உட்காரக் கூடாது. காலியான விமானத்தில் ஆட்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எடைக் கணக்கில் சேரும். ஒருமுறை நான் அப்படி முன்னால் போய் உட்கார, பறந்து நிலையான பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

நடு சீட்டாகவே ஏன் வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். சீட்டுக்குக் காசு கட்டாதவர்களுக்குக் கணினியே ஒதுக்குகிறது. ஜன்னலும் ஓரமும் விலைபோகும் சரக்கு. கடைசிவரை விற்கப் பார்ப்பார்கள். நடு சீட்டைக் காசு கொடுத்து வாங்க ஆள் குறைவு. இலவசமாகக் கொடுக்க எதைக் கொடுப்பார்கள்? ரயன்ஏர் வேண்டுமென்றே குடும்பங்களைப் பிரித்துப் போடுகிறது என்று 2017-இல் பிரிட்டனில் பெரிய சர்ச்சை ஆனது. நிறுவனம் மறுத்தது. அங்கே விமானப் போக்குவரத்து ஆணையம் விமான நிறுவனங்களின் சீட் ஒதுக்கும் முறைகளை ஆராய்ந்தது. வேண்டுமென்றா இல்லையா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பிரிந்துவிடுவோமோ என்ற பயம்தான் விற்பனையாகிறது. அதற்கு உண்மையில் பிரிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

செக்-இன் எப்போது செய்வது? ஜன்னலும் ஓரமும் மிச்சமிருந்தால் கடைசி நேரத்தில் அவை இலவசமாக விழும் என்று நான் தாமதித்துச் செய்து பார்த்தேன். மூன்று முறையில் இரண்டு முறை பலித்தது. மூன்றாவது முறை போர்டிங் பாஸில் சீட் எண்ணே இல்லை. "கேட்டில் தரப்படும்" என்று இருந்தது. இருக்கிற சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்றிருந்தால் அப்படி வரும். பெரும்பாலும் கடைசியாக செக்-இன் செய்தவர்கள்தான் முதலில் இறக்கிவிடப்படக் கூடியவர்கள். அன்று கேட்டில் நின்ற ஒரு மணி நேரம், பழைய முறையில் நின்ற முக்கால் மணியைவிட மோசம். தனி ஆளாக, அவசரமில்லாமல் போனால் இந்தச் சூதாட்டம் சரி. கல்யாணத்துக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போனால் செக்-இன் திறந்த உடனே செய்துவிடுங்கள், நடு சீட் ஆனாலும்.

குழந்தையோடு போகிறவர்கள் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே புக்கிங்கில் இருக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்குப் பக்கத்தில் சீட் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. ரயன்ஏரில் பெரியவர் ஒருவர் சீட்டுக்குக் காசு கட்ட வேண்டும், கூட வரும் குழந்தைகள் நாலு பேர் வரை இலவசம். எந்த நிறுவனமானாலும் டிக்கெட் எடுக்கும்போதே குழந்தையின் வயதைச் சரியாகப் போட்டால்தான் இதெல்லாம் வேலை செய்யும்.

காசு கட்டி எடுப்பது என்று முடிவாகிவிட்டால் எதை எடுப்பது? அவசர வழி வரிசையில் கால் நீட்டலாம். ஆனால் இறக்கைமேல் இரண்டு வழி இருக்கும் விமானங்களில், அந்த இரண்டில் முன்வரிசை சீட் பின்னால் சாயாது; அதற்கு முந்திய வரிசையும் பெரும்பாலும் சாயாது. சாய்ந்தால் வழியை மறைக்கும். புறப்படும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விட மாட்டார்கள். குழந்தைகளையும், உதவி தேவைப்படும் பெரியவர்களையும் அங்கே உட்கார வைக்கவே மாட்டார்கள். அம்மாவுக்கு ஒரு தடவை ஆசையாக அங்கே எடுத்தேன்; கட்டிய காசும் போய், அவர் வேறு சீட்டில் உட்கார்ந்தார். முதல் வரிசையில் முன்னால் சீட் இல்லாததால் கைப்பையைக்கூட மேலேதான் வைக்க வேண்டும். விமானம் குலுங்கினால் பயப்படுகிறவர்களுக்கு இறக்கை அருகே நல்லது, காட்சிதான் கிடைக்காது.

காட்சிக்காக நான் காசு கட்டியது ஒரே முறை. போயிங் 737-800. இறக்கைக்கு முன்னால், இடது பக்கம், ஜன்னல் சீட் என்று படத்தில் பார்த்து எடுத்தேன். போய்ப் பார்த்தால் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சுவர். வழுவழுப்பான, சாம்பல் நிற, தட்டினால் டொக் என்று சத்தம் கேட்கிற சுவர். அந்த ரகத்தில் ஏசி காற்றுக்குழாய் அந்தப் பக்கச் சுவருக்குள்ளே மேலே ஏறுகிறது, அதனால் அந்த வரிசையில் ஜன்னல் வைக்க முடியாது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மனைவி, "நல்லா தெரியுதாங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து விமானத்தின் ரகத்தைப் பார்த்து, அதன் சீட் வரைபடத்தைத் தேடிப் பார்க்காமல் ஜன்னலுக்குக் காசு கட்டுவதில்லை. விமானத்தையே கடைசி நேரத்தில் மாற்றி, வாங்கிய சீட் காணாமல் போவதும் நடக்கும். அப்படி ஆனால் காசைத் திருப்பிக் கேளுங்கள், ரசீதை வைத்திருங்கள். பெரும்பாலும் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

இன்னொரு வேடிக்கை. எல்லோருக்கும் சீட் நம்பர் வந்தாயிற்று. ஆனால் கேட்டில் வரிசை கலைந்ததா? அதே முக்கால் மணி நேரம், அதே கூட்டம். இப்போது போட்டி சீட்டுக்கல்ல, மேலே பை வைக்கும் இடத்துக்கு. நிரம்பிய விமானத்தில் எல்லோருடைய டிராலிப் பெட்டிக்கும் மேலே இடம் கிடையாது. கடைசியில் ஏறுபவரின் பெட்டியைக் கீழே அனுப்பிவிடுவார்கள். காலடியில் அடங்கும் பையோடு வந்தால் அந்த வரிசையில் நிற்கவே வேண்டாம். நான் இப்போது அப்படித்தான் போகிறேன். நிற்கிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறைப்பானேன்.

அம்மாவின் கதையை முடிக்கவில்லையே. அன்று விமானம் இறங்கியதும், பின்னால் இருந்து வருவாரே, பாவம் எப்படித் தனியாக உட்கார்ந்திருந்தாரோ என்று முன்னால் காத்து நின்றேன். கூட்டத்தோடு அம்மா வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே அந்தப் பெண். இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். "நல்ல பொண்ணுடா. வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தோம். நீதான் அவகிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்ட" என்றார் அம்மா.

போன மாதம் மறுபடி சேர்ந்து போக வேண்டியிருந்தது. இந்த முறை ஒரே புக்கிங். பக்கத்துப் பக்கத்து சீட்டுக்குக் காசு கட்டட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு நடக்குற பக்கத்துல ஒண்ணு எடு, ராத்திரி எழுந்திரிக்கணும். உனக்கு எதுக்கு? நீ எங்கயாவது உக்காந்துக்க" என்றார். ஒரு சீட்டுக்கு மட்டும் கட்டினேன். எனக்கு 17இ வந்தது.